ஒன்பதாம் பக்கம்

காப்பி அடித்தவளின் முகம் எப்படி இருக்கும் என்று இவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் போலிருக்கிறது. இல்லையென்றால் கீழே வரவேற்பில் இருந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டாம் மாடி, இடது பக்கம், கடைசிக் கதவு என்று கையைக் காட்டியிருக்க மாட்டார். நான் நூலகத்துக்கு வந்திருக்கலாம், கழிப்பறைக்கு வழி கேட்க வந்திருக்கலாம். இல்லை, மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ரூபிகா செல்லமுத்து, வயது இருபத்திரண்டு, தாவர அறிவியல், முதுகலை முதலாம் ஆண்டு, டிசம்பர் தேர்வில் மோசடி. பதிவுத் தபாலில் வந்த கடிதத்தில் அப்படித்தான் இருந்தது, மோசடிக்குப் பக்கத்தில் மரியாதைக்காக ஒரு 'சந்தேகம்' சேர்த்திருந்தார்கள். இரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள், இப்போது இரண்டு பத்து. நான் ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் வகுப்பே திரும்பிப் பார்க்கும், இவர்கள் தாமதித்தால் அது நடைமுறை. ஜன்னலுக்கு வெளியே மழை, அதையும் மழை என்று சொல்ல முடியாது, எங்கள் பரமத்தியில் பெய்தால் பெய்யும், இல்லாவிட்டால் இல்லை, இது காலையிலிருந்து மூக்கு ஒழுகுவதுபோல ஒழுகிக்கொண்டே இருக்கிறது. பிரான்ஸ் என்றால் ஊரில் எல்லோருக்கும் அந்தக் கோபுரம்தான். அது இருக்கிற ஊர் இங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம், நான் இன்னும் பார்த்ததுகூட இல்லை என்று சொன்னால் அப்பா நம்புவதில்லை. நேற்று போனில், ஏஞ்சாமி, குரலு ஒரு மாதிரி இருக்குது, ஸ்வெட்டர் போட்டுக்கிறியா என்றார். போட்டுக்கிறேனுங்கப்பா என்றேன். ஸ்வெட்டர்தான் குறை.

பக்கத்தில் பெர்னதெத் அக்கா போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். புதுச்சேரிக்காரி, பிறந்ததிலிருந்தே பிரெஞ்சு பாஸ்போர்ட், இங்கே சட்டம் படிக்கிறாள், விசாரணைக்குத் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று கடிதத்தில் இருந்ததால் வந்திருக்கிறாள். நல்லவள்தான். ஆனால் அவள் நல்லவளாக இருப்பதே இன்று எனக்கு எரிச்சலாக இருக்கிறது. என் பைக்குள் அவள் எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கிறது, அழகான பிரெஞ்சில், பதற்றத்தில் தவறு செய்துவிட்டேன், வருந்துகிறேன், இனி நடக்காது என்று. கையெழுத்து மட்டும் பாக்கி. ஒத்துக்கொண்டால் எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை, அத்தோடு முடிந்தது. ஒத்துக்கொள்ளாமல் நின்று அவர்கள் நம்பாமல் போனால் இரண்டு வருடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்க முடியாது, படிப்பு இல்லை என்றால் தங்கும் அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள், அப்புறம் விமானம், கோயம்புத்தூர், அப்பாவின் முகம். காலையில் டிராமில் வரும்போதும் அக்கா இதையே சொன்னாள். "இங்க பாரு ரூபி, உண்மையா பொய்யான்னு யாரும் பாக்க மாட்டாங்க. மன்னிப்பு கேட்டா அவங்களுக்குப் பிடிக்கும். ஒரு கையெழுத்து, சாயங்காலம் நாம போயி அந்தக் கிரேப் தோசை சாப்பிடலாம்." நான் காப்பி அடிக்கலீங்கக்கா என்றேன். "எனக்குத் தெரியும்டி" என்றாள். தெரியும் என்று சொல்லிக்கொண்டே அந்தக் கடிதத்தை என் பைக்குள் செருகினாள்.

எல்லாம் படம் நான்கினால் வந்தது. வேர் எப்படித் தண்ணீரை எடுக்கிறது என்பது கேள்வி. எங்கள் பேராசிரியை மதாம் விலார் செப்டம்பரில் கொடுத்த நோட்ஸ் பன்னிரண்டு பக்கம். நான் பதினோரு நாளில் மனப்பாடம் செய்தேன், குளிக்கும்போது, டிராமில், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, பல் தேய்க்கும்போது, ஒரு சொல் விடாமல். பரீட்சையில் அப்படியே இறக்கினேன். இறக்கும்போது நோட்ஸில் இருந்தபடியே 'படம் 4-ஐப் பார்க்க' என்றும் எழுதிவிட்டேன், இரண்டு இடத்தில். என் விடைத்தாளில் படம் நான்கும் இல்லை, படம் ஒன்றும் இல்லை. மதாம் விலார் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார், இல்லாத படத்தைப் பார்க்கச் சொல்வது நோட்ஸை மடியில் வைத்துக்கொண்டு எழுதியவர் மட்டுமே செய்யக்கூடிய காரியம் என்று. எவ்வளவு படித்தவர், எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை, ஆனால் இந்தச் சின்னக் கணக்கு புரியவில்லை. மடியில் வைத்துப் பார்த்து எழுதுகிறவளுக்குக் கண் இருக்கும், படம் என்று வந்ததும் விட்டுவிடுவாள். பார்க்காமல் எழுதுகிறவள்தான் அதையும் சேர்த்து எழுதுவாள். பிட் அடிக்கிறவளுக்கு இருக்கிற புத்திகூட எனக்கு இல்லை, அதுதான் என் சாட்சி, இதை எந்தப் பிரெஞ்சில் சொல்வது. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் பதினொன்றும் பன்னிரண்டும் படித்தவர்கள் யாரிடம் கேட்டாலும் சிரிக்காமல் தலையாட்டுவார்கள். நாலரை மணிக்கு விளக்கு எரியும். வரிசையாக உட்கார்ந்து வாய்விட்டு, நூற்றிருபது பெண்கள் ஒரே நேரத்தில் நூற்றிருபது பாடத்தை. உமாபதி சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், கமாவை விட்டீங்கன்னா அரை மார்க்கை விட்டீங்க, பார்த்துக்குங்க என்பார். ஒப்பிக்கும்போது ஒரு வரி நின்றுபோனால் முதலிலிருந்து. பன்னிரண்டில் தாவரவியலில் எனக்கு இருநூறுக்கு இருநூறு, பேருந்து நிலையத்தில் என் போட்டோ போட்ட பிளெக்ஸ். அதே வேலையை இங்கே செய்தால் மோசடி.

சொந்த வார்த்தையில் எழுத வேண்டுமாம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. என் சொந்த வார்த்தையெல்லாம் பரமத்தியில் இருக்கிறது, மதாம். இங்கே என்னிடம் இருப்பது எட்டு மாதம் கோயம்புத்தூரில் சனி ஞாயிறு வகுப்பில் கற்றுக்கொண்ட உங்கள் வார்த்தைகள், அதையும் பேக்கரிப் பெண்மணி ரொட்டியை நீட்டிக்கொண்டே திருத்துகிறாள். நான் வாயைத் திறந்தால் ஆறு வயதுக் குழந்தை. குழு வேலைக்கு என்னோடு போட்ட மூன்று பேரும் என்னிடம் பேசும்போது மட்டும் கண்ணை அகலமாக்கி ஒவ்வொரு சொல்லாக வைக்கிறார்கள், ரூ-பி-கா, நீ, இந்த, படத்தை, ஒட்டு. ஒட்டினேன். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் அவர்கள் மூன்று பேரையும் சேர்த்து வைத்துச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியும், வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிய கை இது, மண்ணைப் பிடித்துப் பார்த்தே ஈரம் சொல்வேன். ஆனால் அட்டையில் படம் ஒட்டினேன். மதாம் விலாரின் வாக்கியங்களுக்குள் இருந்தபோதுதான் இந்த நாட்டில் நான் வளர்ந்த பெண்ணாக இருந்தேன். அந்தப் பன்னிரண்டு பக்கத்தைச் சொல்லும்போது யாரும் என்னைத் திருத்தவில்லை, யாரும் கண்ணை அகலமாக்கவில்லை. அதைத் திருட்டு என்றால் திருட்டுதான், போங்கள். இல்லை, அப்படி உள்ளே போய்ச் சொல்லிவிடக் கூடாது. கோபம் வந்தால் எனக்குப் பிரெஞ்சு இன்னும் மோசமாகும்.

கதவு திறக்கிறது. எனக்கு முன்னால் போன பெண் வெளியே வருகிறாள், சுருட்டை முடி, மூக்கில் வளையம். ஏழு நிமிடம்தான் ஆனது. போனைக் கால்சட்டைக்குள் வைத்து எழுதினாளாம், மேற்பார்வையாளரே கையோடு பிடித்தாராம், காத்திருக்கும்போது அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். இப்போதும் சிரிக்கிறாள். எச்சரிக்கைதான் என்று கட்டைவிரலைக் காட்டுகிறாள், மன்னிப்புக் கேள், அவர்களுக்கு அது பிடிக்கும், கவலைப்படாதே என்று என் தோளைத் தட்டிவிட்டுப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கடித்துக்கொண்டு படியிறங்குகிறாள். பெர்னதெத் அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், பார்த்தாயா என்கிற பார்வை. பார்த்தேன். திருடினவள் திருடினேன் என்று சொல்லி வீட்டுக்குப் போகிறாள், அவளுக்கு அது உண்மை. நானும் அதையே சொல்லி அதே எச்சரிக்கையை வாங்கிக்கொண்டு அதே படியில் இறங்க வேண்டும். பதினோரு நாள், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். கடிதத்தைப் பைக்குள் தொட்டுப் பார்க்கிறேன். கையெழுத்துப் போட்டால் என்ன, பேனா எங்கே என்று ஒரு கை தேடுகிறது, இன்னொரு கை அந்தக் கையைப் பிடித்துக் கிள்ளலாமா என்று பார்க்கிறது. பயமாக இருக்கிறது. கோபம் கோபம் என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் அடியில் பயம்தான் கிடக்கிறது, அதை நினைத்தால் மறுபடி கோபம் வருகிறது.

அக்கா வக்கீல் மாதிரி ஒரு காரியம் செய்திருக்கிறாள், என் விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். மஞ்சள் மையால் மதாம் விலார் கோடு கோடாகப் பூசியிருக்கிறார், நோட்ஸோடு ஒத்துப்போகிற இடமெல்லாம் மஞ்சள், அதாவது எல்லா இடமும். மஞ்சத்தண்ணி ஊற்றிய மாதிரி இருக்கிறது. நோட்ஸின் ஒன்பதாம் பக்கத்திலிருந்து நான் எழுதிய அந்த வரியும் மஞ்சள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றது. தண்ணீர் தன் அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும், மூன்றாம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது, அதுதான் சரி. ஒன்பதாம் பக்கத்தில் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு என்று தலைகீழாக இருக்கிறது. அவசரத்தில் மாற்றி அடித்திருக்கிறார். மனப்பாடம் செய்த இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறை அந்த வரி வரும்போதும் சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி இருந்தது, கடித்துக்கொண்டே விழுங்கினேன், தேர்விலும் அப்படியே எழுதினேன். அவர் அதன்மேல் மஞ்சள் பூசிவிட்டுப் போயிருக்கிறார், நான் எழுதியதை ஒத்துப் பார்த்தார், படித்துப் பார்க்கவில்லை. சரி, அவர் படிக்கவில்லை. நான் ஏன் விழுங்கினேன். இதை நினைக்கக் கூடாது என்று நினைத்தால் வினோதா வந்துவிடுகிறாள். பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்து இடம். இயற்பியல் நோட்ஸில் ஒரு அலகு தப்பாக இருந்தது, முதலில் பார்த்தது நான். அவள் காதில் சொன்னது நான். கையைத் தூக்கியது அவள். உமாபதி சார் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, நீ வாத்தியாரா நான் வாத்தியாரா அம்மிணி என்று கேட்டார், நூற்றிருபது பேர் சிரித்தார்கள். வேற யாரு இந்தத் தப்பைக் கண்டுபுடிச்சீங்க, எந்திரிங்க பார்க்கலாம் என்றார். நான் பெஞ்சில் இருந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் வினோதா வராந்தாவில் நின்று படித்தாள், அரையாண்டோடு டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு தடவை திட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மதாம் செல்லமுத்து, என்று கூப்பிடுகிறார்கள். இங்கே என்னை எப்போதும் அப்பா பெயரில்தான் கூப்பிடுவார்கள், இன்று அது அவரையே கூண்டில் ஏற்றுவதுபோலக் கேட்கிறது. நீளமான மேசை, ஐந்து பேர், நடுவில் கழுத்தில் சங்கிலியில் கண்ணாடி தொங்குகிற நரைத்த பெண்மணி, அவர்தான் தலைவர், ஓரத்தில் மதாம் விலார், என்னைப் பார்க்காமல் தன் காகிதத்தைப் பார்க்கிறார். உட்காரச் சொல்கிறார்கள், மிகவும் மரியாதையாக, இந்த மரியாதையைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, திட்டினால் திருப்பித் திட்டலாம். அறிக்கையை வாசிக்கிறார்கள். படம் நான்கு வருகிறது. மாணவப் பிரதிநிதியாக உட்கார்ந்திருக்கிறவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறான். நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைவர் கேட்கிறார். அக்காவின் முழங்கால் மேசைக்கடியில் என் முழங்காலை இடிக்கிறது, கடிதத்தை எடு என்று அர்த்தம். பையைத் திறக்கிறேன். காகிதம் விரலில் படுகிறது. அந்தச் சுருட்டை முடிக்காரி பிஸ்கட் கடித்தது ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான், பையை மூடிவிட்டேன். "நான் பார்க்கவில்லை" என்றேன். "நான் மனதில் வைத்தேன். எல்லாம்." பக்கத்தில் அக்கா மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு பக்கமுமா என்றார். பன்னிரண்டும் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் எங்களுக்குச் சொல்லிக் காட்ட முடியுமா, எங்கிருந்து வேண்டுமானாலும், என்று அவர் கேட்டபோது அதில் கேலி இல்லை, ஆர்வம்தான் இருந்தது, அது கேலியைவிட மோசம். குரங்கைக் குட்டிக்கரணம் போடச் சொல்லும்போதும் யாரும் கேலி செய்வதில்லை, ஆசையாகத்தான் கேட்கிறார்கள்.

என் வாய் ஒன்பதாம் பக்கத்தைப் பிடித்தது. ஏன் அதைப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். முதல் பத்தி ஓடியது, தடையே இல்லாமல், நானே கேட்டு ஆச்சரியப்படுகிற பிரெஞ்சு, மதாம் விலாரின் காற்புள்ளியில் மூச்சு விட்டு மதாம் விலாரின் முற்றுப்புள்ளியில் நின்று. மாணவப் பிரதிநிதி சிரிப்பை விட்டுவிட்டு நோட்ஸில் விரல் வைத்து என்னோடு கூடவே வந்தான். அவன் வாய் திறந்துகொண்டது. தலைவர் போதும் என்று கையை உயர்த்தினார். நான் நிறுத்தவில்லை, என்னை விட்டால் நாலரை மணிக்கு எரிந்த விளக்கு அணைகிற வரைக்கும் சொல்லுவேன், கேட்டீர்கள் அல்லவா, கேளுங்கள். இரண்டாம் பத்தி. தண்ணீர், என்று ஆரம்பிக்கிற அந்த வரி வந்துகொண்டிருப்பது நாக்குக்குத் தெரிந்தது. நாக்கு அதைச் சொல்லிவிட்டுப் போகத் தயாராகத்தான் இருந்தது. நான் நிறுத்தினேன். "இந்த வரி தவறு" என்றேன். வரியா, என்று தலைவர் கேட்டார். "இந்த வரி. மூன்றாம் பக்கம், சரி. ஒன்பதாம் பக்கம், தலைகீழ். தண்ணீர் இப்படிப் போகாது." அக்கா தமிழில், மிக மெதுவாக, "போச்சுடி" என்றாள். மதாம் விலார் பக்கத்தைப் புரட்டினார். மூன்று. ஒன்பது. மறுபடி மூன்று. அவர் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது. பென்சிலை எடுத்து ஏதோ அடித்தார். சரிதான், நான்தான் மாற்றி எழுதியிருக்கிறேன், என்று தலைவரிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை.

எனக்கு அங்கேயே எழுந்து போய்விடலாம் போலிருந்தது, ஜெயித்துவிட்டேன் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். ஆனால் அந்த நரைத்த பெண்மணி விடவில்லை. தேர்வில் எழுதும்போது இது தவறு என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொன்னால் நான் கிளி. தெரியும் என்று சொன்னால் தெரிந்தே பொய் எழுதியவள். முழங்கால் மறுபடி இடித்தது. தெரியாது, தெரியாது என்று சொல் என்றது அது. "தெரியும்" என்றேன். பிறகு ஏன் எழுதினீர்கள் என்றார். இதற்கு எந்தப் பக்கத்திலும் விடை இல்லை. நான் கஷ்டப்பட்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடிக் கோத்தேன், எல்லாம் கோணலாகத்தான் வந்தது. "மார்க் கொடுப்பது அவர். அவர் தவறு எழுதினால் நானும் தவறு எழுத வேண்டும். சரியாக எழுதினால் யார் மார்க் கொடுப்பார்கள்? எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை." வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். அக்கா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன், தமிழிலேயே கிடைக்கவில்லை. இருபது நிமிடம். மறுபடி கூப்பிட்டார்கள். மோசடி இல்லை என்று முடிவு செய்திருக்கிறோம், என்று தலைவர் வாசித்தார், வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

வராந்தாவில் மதாம் விலார் காத்துக்கொண்டிருந்தார். வருந்துகிறேன் என்றார், ஒரே சொல், நீட்டவில்லை. பிறகு விடைத்தாளைக் காட்டினார், உள்ளே உட்கார்ந்தபோதே மதிப்பெண் போட்டுவிட்டாராம், இருபதுக்குப் பதினான்கு. பதினாறு போட்டிருப்பேன், அந்த ஒன்பதாம் பக்க வரிக்கு இரண்டைக் குறைத்துவிட்டேன் என்றார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அது உங்கள் தவறு என்றேன். "என் தவறுதான்" என்றார். "நான் தெரியாமல் செய்தேன். உனக்குத் தெரியும்." தலை முதல் கால் வரை கொதித்தது. வாத்தியார் சொன்னதை அப்படியே எழுதியதற்காக என் வாழ்க்கையில் யாரும் மார்க் குறைத்ததில்லை. அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுடி, பதினாலு போதும், வா போலாம்." நான் கையை விடுவித்துக்கொண்டேன். இரண்டு அதிகம் என்றேன் மதாம் விலாரிடம், ஒன்றுதான் குறைக்கலாம். அவர் புருவம் உயர்ந்தது. பையைக் கீழே வைத்தார், சுவரில் சாய்ந்தார், கைகளைக் கட்டிக்கொண்டார். ஏன் ஒன்று, சொல், என்றார். கண்ணை அகலமாக்கவில்லை, மெதுவாகவும் பேசவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். தப்பும் தவறுமாகத்தான் வந்தது, நிறுத்தாமல் சொன்னேன்.